எழுத்துப் பட்டறையில் நடப்பதை இணையத்தில் பகிரலாமா?

பத்து நாள் தங்கி எழுதும் பட்டறைக்குப் போவதாகவும், அங்கே நடப்பதைத் தினமும் முகநூலில் எழுதலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

உங்களைப் பற்றித் தாராளமாக எழுதுங்கள். சிக்கல் அடுத்தவர் விஷயத்தில்தான். பட்டறையில் ஒருவர் வாசிப்பது அரைகுறை வரைவு. அதில் அவர் அப்பாவின் குடியோ, முறிந்த திருமணமோ இருக்கும். அறையில் இருந்த பதினைந்து பேரை நம்பித்தான் வாசித்தார், உங்கள் நட்புப் பட்டியலை நம்பி அல்ல. பெயரை மறைத்தாலும் போதாது. 'எங்களோடு இருந்த நர்ஸ் அக்கா' என்று எழுதி, நாலு நாள் கழித்துக் குழுப் படமும் போட்டால் யாரென்று தெரிந்துவிடும்.

உலக அரசியலை ஆராயும் லண்டன் அமைப்பான சாத்தம் ஹவுஸ் 1927-இல் வகுத்த விதி ஒன்று உண்டு: கேட்ட தகவலைப் பயன்படுத்தலாம், சொன்னவரை அடையாளம் காட்டக் கூடாது. கூட்டங்களுக்கு அது சரி. படைப்புக்குப் பற்றாது, ஏனென்றால் அந்த வரிகளே அவருடைய சொத்து, காப்புரிமையும் அவருக்குத்தான். சில இதழ்கள் இணையத்தில் வந்ததை 'ஏற்கெனவே வெளியானது' என்று ஒதுக்கிவிடும். நீங்கள் ஆசையாகப் பகிர்ந்த ஒரு பத்தி அவருக்கு வினையாகலாம்.

படம் எடுக்கும்போது மேசையைக் கவனியுங்கள். டீ கிளாசுக்குப் பக்கத்தில் கிடக்கும் தாளைப் பெரிதாக்கினால் படித்துவிடலாம். (நானே அப்படிப் படித்திருக்கிறேன்!) அப்புறம், இடத்தின் பெயரை ஊர் திரும்பிய பிறகு போடுங்கள். உங்கள் வீடு பூட்டிக் கிடப்பது எல்லோருக்கும் தெரிய வேண்டாமே.