எஸ்ஆர்எஸ் டாக்குமென்ட்டில், அதாவது சாஃப்ட்வேர் என்னென்ன செய்ய வேண்டும் என்று எழுதி வைக்கும் ஆவணத்தில், சொற்களுக்கு விளக்கம் எழுதும் பகுதியை யாராவது படிக்கிறார்களா?

புதிதாக பிசினஸ் அனலிஸ்ட் வேலைக்கு வந்து, டெம்ப்ளேட்டில் அந்த 1.3 பகுதியைப் பார்த்து எரிச்சலில் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அது ஐஇஇஇ 830 என்ற பழைய எஸ்ஆர்எஸ் தரநிலை காலத்து மிச்சம். ஏபிஐ என்றால் இது, யுஐ என்றால் அது என்று நிரப்பி வைத்திருப்பார்கள், யாரும் படிக்க மாட்டார்கள், சரி. ஆனால் விளக்கம் வேண்டியது தெரியாத சொல்லுக்கு இல்லை, எல்லாரும் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிற சொல்லுக்கு.

ஒரு மருத்துவமனைக்கு பில்லிங் சாஃப்ட்வேர் செய்தோம். "நோயாளி தங்கிய நாட்களுக்கு அறை வாடகை கணக்கிட வேண்டும்" என்று ஒரு வரி. படித்தால் குழப்பமே இல்லை. பில்லிங் கவுன்ட்டரில் கேட்டால் ராத்திரி 12 மணி தாண்டினால் அடுத்த நாள். இன்சூரன்ஸ் டெஸ்க் அக்காவோ அட்மிஷன் நேரத்திலிருந்து 24 மணி நேரம் என்கிறார், ஏனென்றால் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ விளக்கப்படி, டே கேர் (அன்றே வீடு திரும்பும் சிகிச்சை) மாதிரி சிலதைத் தவிர, தொடர்ந்து 24 மணி நேரம் இருந்தால்தான் க்ளெய்ம். இரவு 11 மணிக்குச் சேர்ந்து காலை 10 மணிக்குக் கிளம்புகிறவருக்கு அங்கே இரண்டு நாள், இங்கே ஒன்றுகூட முழுசாக இல்லை. அப்புறம் கிளம்புவது என்றால் எது? டாக்டர் டிஸ்சார்ஜ் எழுதியதா, பில் கட்டியதா, கட்டில் காலியானதா? இதற்குள் அரை நாள் ஓடிவிடும், ஆஸ்பத்திரியில் காத்திருந்தவர்களுக்குத் தெரியும். கடைசியில் வாடகை நாள், காப்பீட்டு நேரம் என்று இரண்டாகப் பிரித்து, டிஸ்சார்ஜுக்கு மூன்று நேரங்களைத் தனித்தனியாகப் பதிய வைத்து, இரண்டு டெஸ்க்கிலும் கையெழுத்து வாங்கினேன்.

அஜைலில், அதாவது சின்னச் சின்ன கட்டமாக சாஃப்ட்வேர் செய்யும் முறையில், இதெல்லாம் எதற்கு என்று ஒருவர் வருவார். அங்கே பயனருக்கு என்ன வேண்டும் என்று சுருக்கமாக எழுதும் யூசர் ஸ்டோரியிலும் "நாள்" வரத்தானே செய்யும்? நாற்பது பக்க அகராதி எழுதச் சொல்லவில்லை. இன்டர்நெட் தரங்களை எழுதுகிறவர்களே மஸ்ட், ஷுட், மே எல்லாம் இன்ன அர்த்தத்தில்தான் வரும் என்று 1997இல் ஆர்எஃப்சி 2119 என்று ஓர் ஆவணம் போட்டார்கள், அதுவே சில பக்கம்தான்.

இதற்கெல்லாம் அப்ரைசலில் ஒன்றும் கிடைக்காது, அதையும் சொல்லிவிடுகிறேன். நடுராத்திரி சாஃப்ட்வேர் பிழையைச் சரிசெய்தவருக்கு ஸ்பாட் அவார்டு, அது வராமலே பார்த்துக்கொண்டவருக்கு "மீட்ஸ் எக்ஸ்பெக்டேஷன்ஸ்". ஹைக் லெட்டர் வரும்போதெல்லாம் வயிறு எரியும்.

எந்தச் சொல்லுக்கு விளக்கம் வேண்டும் என்று தெரியாவிட்டால் ஒரே கேள்வியை இரண்டு டிபார்ட்மென்ட்டில் தனித்தனியாகக் கேளுங்கள். ஒரே மீட்டிங்கில் கேட்டால் மேனேஜர் சொல்வதற்கு எல்லாரும் தலையாட்டிவிடுவார்கள்.