டயலில் 5 வோல்ட், ஸ்கோப்பில் 10

சார், கும்பகோணம் லேபில் கிடந்த பழைய பல்ஸ் ஜெனரேட்டர் (மின் துடிப்பு உண்டாக்கும் கருவி) டயலில் 5 வைத்தால் ஸ்கோப்பில் (அலைவடிவம் காட்டும் ஆசிலோஸ்கோப்) 10 வோல்ட் காட்டுகிறது, பல்ஸின் விளிம்பு நடுங்குகிறது என்கிறீர்கள். மெஷின் மேல் குற்றமில்லை. டயல் அளவு, முனையில் 50 ஓம் லோடு (மின்தடை) இருந்தால்தான் பொருந்தும். ஸ்கோப்பின் 1 மெகா ஓம் உள்ளீட்டில் நேரே செருகினால் இரட்டிப்பாகும், கேபிள் முனையில் பட்டுத் திரும்பும் அலை விளிம்பைக் கெடுக்கும்.

ஸ்கோப் முனையில் பிஎன்சி டீ (கேபிளைப் பிரிக்கும் T வடிவ இணைப்பி) மாட்டி, 100 ஓம் 1 வாட் மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டர் இரண்டை இணையாக வையுங்கள், கால்களை ஒட்ட வெட்டி; சேர்ந்து 50 ஓம் ஆகிவிடும். வயர்வவுண்ட் (கம்பி சுற்றிய ரெசிஸ்டர்) வேண்டவே வேண்டாம். அதன் சுருளே புது நடுக்கம் கிளப்பும்.

ரேஞ்ச் சுவிட்சைத் தொட்டால் பல்ஸ் விட்டுவிட்டு வருவது தனி விஷயம். ஐப்பசி அடைமழை ஈரத்தில் காண்டாக்ட் கறுத்திருக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் இரண்டு சொட்டு விட்டு, கோடிக்குக் கோடி பலமுறை திருப்புங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் முலாம் போய்விடும். அப்புறமும் ஒன்றுவிட்டு ஒரு பல்ஸ் காணோம் என்றால், பல்ஸ் அகலம் பீரியடைத் (ஒரு பல்ஸ் தொடங்கி அடுத்தது தொடங்கும் வரையான நேரம்) தாண்டுகிறதா பாருங்கள்.