கண்ணீர்க் கணவாய்

கேள்வி: ஜெபமாலை முடிந்ததும் மாதாவை நோக்கிச் சொல்லும் 'சால்வே ரெஜினா' ஜெபத்தை இலத்தீனில் சொல்லி முடிப்பது என் பாட்டியின் பழக்கம். எனக்கும் மனப்பாடம், ஆனால் பொருள் தெரியாது. 'இலத்தீனில் சொன்னாலே பலன் உண்டு, அர்த்தம் பார்க்கத் தேவையில்லை' என்கிறார்கள் நண்பர்கள். சரியா?
– வாசகர், காட்பாடி

பதில்: சரியில்லை. ஜெபங்களை நாம் 'மந்திரம்' என்றே அழைத்துப் பழகியதால் ஒலிக்குத்தான் சக்தி என்ற எண்ணம் வந்திருக்கலாம். இலத்தீன் வானத்திலிருந்து இறங்கிய மொழி அல்ல. இயேசு பேசியது அரமேயம். ரோமைத் திருச்சபையே தொடக்கத்தில் கிரேக்கத்தில் வழிபட்டு, மக்களுக்குப் புரியட்டும் என்றுதான் இலத்தீனுக்கு மாறியது. அந்தக் கிரேக்கத்தின் மிச்சம்தான் பூசையில் வரும் 'கீரியே எலேயிசோன்' (ஆண்டவரே, இரக்கமாயிரும்). பலர் அதையும் இலத்தீன் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்!

இதில் வருத்தம் என்னவென்றால், நீங்கள் தேடும் பொருள் உங்கள் வீட்டு அலமாரியிலேயே இருக்கும். பழைய ஜெபப் புத்தகத்தில் 'கிருபை தயாபத்து' மந்திரத்தை எடுங்கள். 'சால்வே ரெஜினா'வின் தமிழ்தான் அது. 'கிளமாமுஸ்' – கூப்பிடுகிறோம். 'சுஸ்பிராமுஸ்' – பெருமூச்சு விடுகிறோம். 'ஜெமெந்தெஸ் எத் ஃபிளெந்தெஸ்' – பிரலாபித்து அழுது. சொல்லுக்குச் சொல் அப்படியே வைத்திருக்கிறார்கள். 'பழைய தமிழ், வாயில் நுழையவில்லை' என்று நாம் ஒதுக்கியது இதைத்தான்.

அடுத்து, 'இன் ஹாக் லாக்ரிமாரும் வால்லே'. 'வால்லே' என்றால் பள்ளத்தாக்கு. தமிழில் 'கண்ணீர்க் கணவாய்' என்று போட்டார்கள். அகராதிப்படி கொஞ்சம் விலகல்தான். ஆனால் ஆம்பூர், வாணியம்பாடி வழியாக ரயிலில் போகிறவருக்கு அந்தச் சொல் உடனே பிடிபடும். இரண்டு பக்கமும் மலை, நடுவில் வழி. பள்ளத்தாக்கில் குடியிருக்கலாம், கணவாயைக் கடந்துதான் போக வேண்டும். அதே ஜெபம் நம்மை 'எக்ஸுலெஸ்', அதாவது நாடு கடத்தப்பட்டவர்கள் என்கிறது. இந்தப் பரதேச வாழ்வு முடிந்த பிறகு இயேசுவைக் காட்டும் என்று மாதாவிடம் கேட்கிறது. அழுகையைச் சொல்லும் இடத்திலேயே வெளியேறும் வழியையும் காட்டிய அந்த மொழிபெயர்ப்பாளரை நான் கையெடுத்துக் கும்பிடுவேன்.

எல்லா இடத்திலும் இப்படி என்று சொல்ல மாட்டேன். 'பாத்தேர் நோஸ்தெர்', அதாவது இயேசு கற்பித்த பரலோக மந்திரத்தில் 'தெபித்தா நோஸ்த்ரா' என்று வருகிறது. நேர்ப்பொருள் 'எங்கள் கடன்கள்'. நாம் சொல்வதோ 'எங்கள் பாவங்களைப் பொறுத்தருளும்'. கருத்தில் பிழையில்லை, லூக்கா நற்செய்தியிலும் பாவம் என்றுதான் இருக்கிறது. ஆனால் கடன் என்ற சொல்லின் கனம் போய்விட்டது. சி.எஸ்.ஐ. கோயிலுக்குப் போகிற பக்கத்து வீட்டுக்காரரின் பழைய வேதாகமத்தில் மத்தேயு 6:12-ஐப் பாருங்கள்: 'எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்.' தோல் ஷாப்பிலும் பீடி வேலையிலும் வாரக் கூலி வாங்கி, வட்டி கட்டிப் பழகிய நம் ஊர்க்காரர்களுக்கு இந்த வரிக்கு விளக்கவுரை எதற்கு? எழுதி வைத்த கணக்கை அடித்துவிடு என்று கேட்கிறோம். நானும் அடித்துவிடுகிறேன் என்று கூடவே வாக்குக் கொடுக்கிறோம். என்ன வாக்குக் கொடுக்கிறோம் என்றே தெரியாமல் அதை எப்படிக் கொடுப்பது?

இலத்தீனை விடச் சொல்லவில்லை. பாட்டியிடமிருந்து வந்த சொத்து அது. இன்று இரவு ஜெபமாலை முடிந்ததும் இலத்தீனில் ஒரு வரி, தமிழில் ஒரு வரி என்று நிறுத்திச் சொல்லிப் பாருங்கள். பிடிபடாத சொல் இருந்தால் எழுதி அனுப்புங்கள், அடுத்த இதழில் பார்ப்போம்.