சொந்த வீட்டின் மீது கடன், வாடகைக்கு இன்னொரு வீடு

கேள்வி: குடியிருக்கும் வீட்டுக்கு வாங்கிய கடனில் பாதிக்கு மேல் அடைத்துவிட்டோம். வீட்டின் மதிப்பும் ஏறியிருக்கிறது. அதை வைத்துக் கூடுதல் கடன் எடுத்து, வாடகைக்கு விட இன்னொரு வீடு வாங்கலாமா? எவ்வளவு கிடைக்கும்?

பதில்: வாங்கலாம். ஆனால் எவ்வளவு கிடைக்கும் என்பதைவிட, எவ்வளவு எடுத்தால் தாங்கும் என்பதுதான் முக்கியம்.

இன்றைய மதிப்பு 100 என்று வைத்துக்கொள்வோம். பாக்கிக் கடன் 35. மதிப்பில் 80 சதவீதம் வரை கடன் தரும் வங்கியாக இருந்தால், 80-ல் 35 போக 45 கிடைக்கும். இந்த 100 நீங்கள் சொல்லும் விலை அல்ல, வங்கியின் மதிப்பீட்டாளர் எழுதும் விலை. அனுமதி இல்லாமல் மாடியில் கட்டிய அறையைப் பெரும்பாலும் அவர் கணக்கில் சேர்க்கமாட்டார். கூரையில் ஒழுகிய கறை தெரிந்தாலும் மதிப்பைக் குறைப்பார். அவர் வருவதற்கு முன்பே அதைச் சரிசெய்துவிடுங்கள்.

45 கிடைக்கிறதே என்று முழுவதையும் எடுக்காதீர்கள். புது வீட்டின் முன்பணம் (விலையில் புது வீட்டுக் கடன் போக நீங்கள் போடவேண்டிய பங்கு), பதிவுச் செலவு, பழுதுபார்ப்பு, இந்தக் கூடுதல் கடன், புது வீட்டுக் கடன் இரண்டுக்கும் சேர்த்து ஆறு மாதத் தவணைக்கான கையிருப்பு, இவற்றைக் கூட்டிப் பாருங்கள். சேமிப்பு போக மீதிக்கு மட்டும் கடன் போதும்.

அடுத்து வாடகைக் கணக்கு. வருடத்துக்கு 12 மாத வாடகை வரும் என்று போடாதீர்கள், 10 மாதம் என்றே போடுங்கள். அதில் வரி, காப்பீடு, பராமரிப்பைக் கழித்தால் நிற்கும் தொகை, முன்பணத்துக்கு எடுத்த கடன், புது வீட்டுக் கடன் இரண்டின் தவணையையும் கட்டுமா? குறைந்தால், அந்தக் குறையைச் சம்பளத்திலிருந்து வருடக்கணக்கில் போட முடியுமா? வட்டி ஏறினால் என்ன ஆகும் என்றும் பாருங்கள்: 1,00,000 கடனுக்கு 15 வருடத்தில் 9 சதவீதத்தில் மாதத் தவணை சுமார் 1,014. அதுவே 11 சதவீதமானால் 1,137. இங்கே இடறினால் வாடகை வீடு மட்டும் போகாது, நீங்கள் குடியிருக்கும் வீடே அடமானத்தில் இருக்கிறது. கணக்கு உதைத்தால் தள்ளிப்போடுங்கள். சிறிய வீடாகப் பார்ப்பதிலும் தவறில்லை.

விற்பவரிடம் ஒப்பந்தம் போட்டு முன்தொகை கொடுப்பதற்கு முன்பே இந்தக் கடனுக்கு ஒப்புதல் வாங்கிவிடுங்கள். மதிப்பீடும் பத்திர ஆய்வும் வாரக்கணக்கில் இழுக்கும். கெடு தவறினால் முன்தொகை போய்விடக்கூடும். முன்பணமே கடன்தான் என்பதைப் புது வீட்டுக்குக் கடன் தரும் வங்கியிடம் மறைக்காதீர்கள்.

கேள்வி: கூடுதல் கடனை மொத்தமாக வாங்குவதா, தேவைப்படும்போது எடுத்துக்கொள்ளும் கடன் வரம்பா?

பதில்: முன்பணத்துக்கு மொத்தக் கடன், அதுவும் நிலையான வட்டியில் கிடைத்தால் நல்லது. பழுதுபார்ப்புக்குக் கடன் வரம்பு பொருந்தும், எடுத்த தொகைக்கு மட்டுமே வட்டி. இதன் வட்டி பெரும்பாலும் மாறும் வட்டி. முதல் சில வருடங்கள் வட்டி மட்டும் கட்டும் திட்டமானால் எச்சரிக்கை தேவை. 9 சதவீதத்தில் 1,00,000-க்கு மாதம் 750 கட்டிவந்தவர், 15 வருடத்தில் அசலையும் அடைக்கத் தொடங்கும் மாதத்திலிருந்து 1,014 கட்டவேண்டும். வீட்டு விலை சரிந்தால், எடுக்காமல் வைத்திருக்கும் வரம்பை வங்கி குறைக்கவோ நிறுத்தவோ கூடும். அதனால் அவசரக் கையிருப்பை இந்த வரம்பில் நம்பி வைக்காதீர்கள், தனிக் கணக்கில் பணமாகவே வையுங்கள்.