வீடு புதுசு, குறையும் புதுசு: கேள்வி-பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பாதி, “வீடு கட்டி விற்ற மேம்பாட்டாளர் ஏமாற்றிவிட்டார் ஐயா” என்றுதான் தொடங்குகின்றன. இருக்கலாம். ஆனால் எஸ் அண்ட் பி ஒப்பந்தத்தோடு (வீடு வாங்கும்போது போடும் விற்பனை-கொள்முதல் ஒப்பந்தம்) இணைத்திருக்கும் பிளானை யாராவது பிரித்துப் பார்த்தீர்களா? அதையும் ஒரு அளவு டேப்பையும் கையில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

செராஸில் இரட்டை மாடி வீடு வாங்கினோம். மாடிப்படியின் கடைசிப் படி மட்டும் உயரமாக இருக்கிறது. அம்மா இரண்டு தடவை தடுக்கிவிட்டார். “பழகிவிடும்” என்கிறார் சைட் மேற்பார்வையாளர்.

பழகாது. மாடி ஏறும்போது யாரும் படியைப் பார்ப்பதில்லை; முதல் இரண்டு படிகளிலேயே கால் உயரத்தைக் கணக்குப் போட்டுக்கொள்கிறது. அப்புறம் ஒரு படி மட்டும் மாறினால் தடுக்கத்தான் செய்யும். மலேசியாவின் 1984ஆம் ஆண்டுக் கட்டடத் துணைச் சட்டங்கள்படி ஒரு படியின் உயரம் 180 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது, கால் வைக்கும் மிதியின் ஆழம் 255க்குக் குறையக்கூடாது, எல்லாப் படியும் ஒரே சீராக இருக்க வேண்டும்.

இது எப்படி நடக்கிறது தெரியுமா? படிக்கட்டுக்குக் கான்கிரீட் ஊற்றும்போது, மாடித் தரையில் பிறகு வரப்போகும் சிமெண்ட் பூச்சையும் டைல்ஸ் கனத்தையும் கணக்கில் சேர்க்க மறந்துவிடுவார்கள். அந்தக் கனம் முழுவதும் கடைசிப் படியின் தலையில் விழும். எல்லாப் படிகளையும் அளந்து, எண் போட்டு எழுதிக் கொடுங்கள். அந்த ஒரு படியை மட்டும் செதுக்க விடாதீர்கள். வித்தியாசத்தைக் கீழே உள்ள பல படிகளுக்குப் பிரித்து மேல்பூச்சு போடச் சொல்லுங்கள். செலவு அவர்களுடையது.

புக்கிட் மெர்தாஜாமில் புது வீடு. சாமி மேடைக்கு என்று நினைத்து வைத்த இடத்துக்கு நேர் மேலே மாடிக் கழிவறை. மாற்றித் தரச் சொல்லலாமா?

மனசு சங்கடப்படும், புரிகிறது. ஆனால் பிளானில் கழிவறை அங்கேயேதான் இருக்கிறது என்றால் கேட்க முடியாது, தங்கச்சி. ஒப்பந்தத்தின் பழுது விதி இரண்டுக்குத்தான் பொருந்தும்: மோசமான வேலை அல்லது பொருள், பிளானுக்கு மாறாகக் கட்டியது. சரியாகக் கட்டிய அசௌகரியம் அதில் வராது. கழிவறையை நீங்களே நகர்த்தவும் வேண்டாம். கழிவுக் குழாய்க்குச் சரிவு கிடைக்காமல் வேறு தொல்லை வரும். மேடையை நகர்த்துவதே மலிவு. பிளான் பார்க்கப் போகும்போதே சாமிக்கு இடம் தேடுகிற பழக்கம் நம்மிடம் இல்லை. கார் எங்கே நிற்கும் என்று மட்டும் கேட்போம்.

சாவி எடுத்து ஆறு மாதம். குளியலறைத் தண்ணீர் ஹாலுக்கு வருகிறது. புகார் கொடுத்து 40 நாள் ஆகியும் பதில் இல்லை.

வாட்ஸ்அப்பில் படம் அனுப்பியதைப் புகார் என்கிறீர்களா? எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை போல ஓர் ஆதாரம் வாங்கியிருந்தால்தான் நாள் கணக்கு நிற்கும். உரிமம் பெற்ற மேம்பாட்டாளரிடம் வாங்கிய வீட்டுக்கு, சாவி எடுத்ததிலிருந்து 24 மாதம் அவருக்குப் பழுதுப் பொறுப்பு உண்டு. எழுத்து அறிவிப்பு கிடைத்த 30 நாளில் சரிசெய்ய வேண்டும். செய்யவில்லையா, வெளிக் குத்தகையாளரிடம் (காண்ட்ராக்டரிடம்) விலை வாங்கி, “இவ்வளவு செலவாகும், நாங்களே செய்யப்போகிறோம்” என்று மறுபடி எழுதி 14 நாள் கொடுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால், வீட்டு விலையில் வழக்கறிஞர் கையில் நிறுத்திவைத்திருக்கும் 5 விழுக்காட்டிலிருந்து அந்தச் செலவைக் கேட்கலாம். அதில் பாதி, எட்டு மாதம் முடிந்ததும் மேம்பாட்டாளர் கைக்குப் போய்விடும். நீங்கள் ஆறாம் மாதத்தில் இருக்கிறீர்கள், ஆகவே இந்த வாரமே எழுதுங்கள்.

அதிலும் தீரவில்லை என்றால் வீடு வாங்குவோர் கோரிக்கைத் தீர்ப்பாயம் இருக்கிறது. 50,000 ரிங்கிட் வரை கேட்கலாம், கட்டணம் பத்தே ரிங்கிட். பழுதுக் காலம் முடிந்து 12 மாதத்துக்குள் போய்விட வேண்டும். இன்னொன்று: அதுவரை டைல்ஸை நீங்கள் மாற்றாதீர்கள். மாற்றினால், ஒழுகுவது உங்கள் வேலையால்தான் என்று சொல்லிவிடுவார்கள்.

செபராங் பிறையில் சொந்த நிலத்தில் கட்டுகிறோம். படிக்கட்டுக்குப் பலகை அடித்த பிறகுதான் தெரிந்தது, மேலே பீம் மகனின் நெற்றியில் இடிக்கிறது. பீமைக் கொஞ்சம் கொத்திவிடலாம் என்கிறார் குத்தகையாளர்.

கான்கிரீட் ஊற்றுவதை இன்றே நிறுத்துங்கள் ஐயா. பீமின் அடிப்பக்கத்தில்தான் பாரத்தை இழுத்துப் பிடிக்கிற கம்பிகள் இருக்கின்றன. அங்கே கொத்துவது பீமின் உயிர்நாடியில் கை வைக்கிற மாதிரி. பலகையைப் பிரிப்பது ஒன்றிரண்டு நாள் வேலை. படிக்கட்டு தொடங்கும் இடத்தை ஏறும் திசையில் ஒரு மிதி அளவு தள்ளினால் பீமுக்குக் கீழே ஒரு படி உயரம் கிடைக்கும். மேலே போய்ச் சேரும் இடத்தில் அதற்கு இடம் இருக்கிறதா என்று பொறியாளர் பார்த்துச் சொல்லட்டும். பிளான் மாறினால் திருத்திய பிளானைக் கட்டடக் கலைஞர் மாநகர் மன்றத்தில் கொடுக்க வேண்டும். மேலே சொன்ன 24 மாதமும் தீர்ப்பாயமும் உங்களுக்குக் கிடையாது; குத்தகையாளருடன் போட்ட ஒப்பந்தம்தான் எல்லாம். அதில் பிடித்தம் வைக்கும் பணம் (வேலை சரியாக முடியும்வரை நீங்கள் கொடுக்காமல் வைத்திருப்பது) பற்றி ஒரு வரி இல்லையென்றால் அடுத்த தவணைக்கு முன் எழுதி வாங்குங்கள்.

அறைக் கதவைத் திறந்தால் விளக்குச் சுவிட்ச் கதவுக்குப் பின்னால் மறைந்துபோகிறது. என்ன செய்வது?

என் வீட்டிலும் அப்படித்தான். கதவின் கீலை மறுபக்கம் மாற்றச் சொல்லி என் மனைவி பதினைந்து வருடமாகக் கேட்கிறார். தச்சருக்கு அரை நாள் வேலை.