பாதி விலையில் ஆண்டுச் சந்தா: உடற்பயிற்சிக் கூடத்தைக் காப்பாற்றுமா?

கேள்வி: திருப்பூரில் உடற்பயிற்சிக் கூடம் நடத்துகிறேன். வரி நீங்கலாக மாதச் சந்தா 1,000 ரூபாய். இந்தியப் பொருட்கள் மீதான அமெரிக்க வரி 2025 ஆகஸ்ட் 27 அன்று 50 சதவீதமாக உயர்ந்த பிறகு, 220 ஆக இருந்த உறுப்பினர் எண்ணிக்கை 140 ஆகிவிட்டது. வாடகை 60,000, மூன்று மாஸ்டர்களின் சம்பளம் 54,000, மின்கட்டணம் 16,000, இயந்திரங்களுக்கான கடன் தவணை 30,000 என மாதம் 1,60,000 ரூபாய் செலவாகிறது. ஆண்டுச் சந்தாவைப் பாதியாக்கி 6,000 ரூபாய் என்று அறிவிக்கலாமா? ஒரு மாஸ்டரை நிறுத்திவிடலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம் என்பதே என் கருத்து. முதலில் உங்கள் கணக்கையே பாருங்கள். இன்று 140 பேர் தரும் 1,40,000 ரூபாய் போக உங்களுக்கு விழும் துண்டு மாதம் 20,000 ரூபாய்தான். பாதி விலை அறிவிப்பைக் கண்டு, இப்போது மாதந்தோறும் செலுத்துபவர்களில் 60 பேர் ஆண்டுச் சந்தாவுக்கு மாறுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கையில் 3,60,000 ரூபாய் வந்து சேரும். ஆனால் மறுநாளிலிருந்து மாத வருமானம் எஞ்சிய 80 பேரின் 80,000 ரூபாயாகச் சுருங்கிவிடுவதால், துண்டு 20,000 ரூபாயிலிருந்து 80,000 ரூபாயாகிறது. வந்த பணம் நான்கரை மாதத்தில் கரைந்துபோகும்; அதன் பிறகும் ஏழரை மாதம் அந்த 60 பேருக்கு நீங்கள் கூடத்தைத் திறந்து வைத்திருக்க வேண்டும். முன்கூட்டி வாங்கும் சந்தா வருமானமன்று, உறுப்பினர்களிடம் நீங்கள் பட்ட கடன். புதியவர்கள் சேர்வார்களே என்று நீங்கள் கேட்கலாம். சிலர் சேரக்கூடும். ஆனால் வேலை குறைந்ததால் விலகியவரிடம், 1,000 ரூபாயே பாரமாயிருக்கும் நேரத்தில், 6,000 ரூபாய் மொத்தமாக எப்படி இருக்கும்?

மலிவு விலைதான் மந்தநிலையை வெல்லும் என்பதற்கு அமெரிக்காவின் பிளானெட் ஃபிட்னெஸ் நிறுவனத்தைப் பலரும் உதாரணம் காட்டுவார்கள். 2008ஆம் ஆண்டு நெருக்கடிக் காலத்தில், பெரும் கடன் சுமையோடு இருந்த பாலி டோட்டல் ஃபிட்னெஸ் என்ற இன்னோர் அமெரிக்க உடற்பயிற்சிக் கூட நிறுவனம், 2007 ஜூலையிலும் 2008 டிசம்பரிலும் என இருமுறை திவால் பாதுகாப்பு கோர, மாதம் 10 டாலர் வாங்கிய பிளானெட் ஃபிட்னெஸ் வளர்ந்துகொண்டே போனது உண்மைதான். ஆனால் அந்த விலை, ஒரே கிளையில் ஆயிரக்கணக்கானோரைச் சேர்த்து, அவர்களில் பெரும்பாலோர் எப்போதாவது மட்டுமே வருவார்கள் என்ற கணக்கில் நிற்பது; ஒற்றைக் கட்டடத்தில் நடக்கும் உங்கள் கூடத்துக்கு அது பொருந்தாது. நீங்கள் கவனிக்க வேண்டியது, அதே மந்தநிலையின் நடுவே 2009இல் பிரிட்டனில் முதல் கூடத்தைத் திறந்த ப்யூர்ஜிம் செய்ததை. விலைக் குறைப்போடு, நீண்ட கால ஒப்பந்தம் என்ற கட்டாயத்தையும் அது நீக்கியது. வேலை நிச்சயமில்லாத காலத்தில் மனிதர்கள் அஞ்சுவது தொகைக்கு மட்டுமன்று, மாட்டிக்கொள்வதற்கும்தான்.

உங்கள் ஊருக்கு இதில் ஒரு தனி வசதி உண்டு. பனியன் கம்பெனிகளில் பலருக்குச் சம்பளம் சனிக்கிழமைதோறும் கிடைக்கிறது; அப்படியிருக்கச் சந்தா மட்டும் ஏன் மாதக் கணக்கில் இருக்க வேண்டும்? வரி நீங்கலாக வாரம் 300 ரூபாய் என்று வையுங்கள். நான்கு வாரத்துக்கு 1,200 ரூபாய் ஆவதால் மாதச் சந்தாவின் மதிப்பு குறையாது. விலகிய 80 பேரில் 20 பேர் திரும்பினாலே 24,000 ரூபாய் வரும், துண்டு அடைபடும். ஒன்றரை ஷிப்ட் ஓடிய கம்பெனி ஒரு ஷிப்ட்டோடு நின்றால், தொழிலாளியின் கையில் பணம் குறைந்தாலும் மாலை நேரம் மிஞ்சுகிறது என்பதையும் மறக்க வேண்டாம். விலக நினைப்பவரிடம், இரண்டு மாதம் சந்தாவை நிறுத்திவைத்து, மீண்டும் சேர்க்கைக் கட்டணம் இல்லாமல் வரலாம் என்று சொல்லுங்கள்.

மாஸ்டரை நிறுத்தினால் 18,000 ரூபாய் மிச்சமாகும். ஆனால் உறுப்பினர்கள் இயந்திரத்தை நம்பி வருவதைவிட மாஸ்டரை நம்பியே வருகிறார்கள். அவர் பக்கத்துத் தெருக் கூடத்தில் சேரும்போது பின்னால் 18 பேர் போனாலே அந்த மிச்சம் தீர்ந்துவிடும். அவரோடு பேசி நேரத்தைக் குறைத்து, தனிப் பயிற்சிக் கட்டணத்தில் பங்கு கொடுப்பது நல்லது.

செலவில் கைவைக்க வேண்டிய முதல் இடம் வாடகை. கட்டட உரிமையாளரிடம் கொடுத்த அட்வான்ஸிலிருந்து இரண்டு மாத வாடகையைக் கழித்துக்கொள்ளக் கேளுங்கள்; மந்தமான ஊரில் காலிக் கட்டடம் அவருக்கும் நட்டமே. குளிர்சாதனத்தைக் கூட்டமுள்ள காலை, மாலை வேளைகளில் மட்டும் ஓட்டுங்கள். வணிக மின் இணைப்புக்கு, பயன்பாட்டைப் பாராமல் வாங்கும் நிலைக்கட்டணம் கிலோவாட் கணக்கில் விதிக்கப்படுவதால், உங்கள் இணைப்புக்கு அனுமதிக்கப்பட்ட மின்சுமை தேவைக்கு மேல் இருந்தால் குறைக்க விண்ணப்பிக்கலாம்.

உடற்பயிற்சிக் கூடங்களுக்கான ஜிஎஸ்டி விகிதம் 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகியுள்ளது. 1,180 ரூபாய் செலுத்தியவர் இப்போது 1,050 ரூபாய் செலுத்தினால் போதும். அந்த 130 ரூபாய்க் குறைப்பை ரசீதில் தெளிவாகக் காட்டுங்கள், அது உங்கள் கைப்பணத்தைத் தொடாத தள்ளுபடி. ஆனால் இந்த 5 சதவீத விகிதத்தில் உள்ளீட்டு வரி வரவு, அதாவது தொழிலுக்காக வாங்கியவற்றுக்குக் கட்டிய ஜிஎஸ்டியைக் கழித்துக்கொள்ளும் வசதி, கிடையாது. புதிய இயந்திரத்துக்குச் செலுத்தும் வரி முழுவதும் உங்கள் செலவாகிவிடும் என்பதால், இந்த ஆண்டு எதையும் வாங்காதீர்கள்.

கடைசியாக, கடன். 90 நாளுக்கு மேல் தவணை நிலுவையில் நின்றால் வங்கி அதை வாராக்கடனாக வகைப்படுத்திவிடும். அதன் பிறகு பேச்சுவார்த்தை கடினம். எனவே முதல் தவணை தவறுவதற்கு முன்பே, கடந்த ஆறு மாதச் சந்தா வரவுக் கணக்கோடு வங்கிக் கிளைக்குச் சென்று, தவணைக் காலத்தை நீட்டித்துத் தொகையைக் குறைக்குமாறு எழுத்துமூலம் கேளுங்கள்.