இரவுத் தொழிலுக்குப் போகிறவருக்கு எந்த லென்ஸ்?

தம்பி, பாம்பனில் இரவில் நாட்டுப்படகில் போகும் அப்பாவுக்குக் கண்புரை அறுவையில் மல்டிஃபோகல் லென்ஸ் வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம் என்பேன். அது ஒளியைத் தூரத்துக்கும் கிட்டத்துக்கும் பங்கு போடுவதால், இருட்டில் விளக்கைச் சுற்றி வளையம் தெரியலாம். எதிரே விசைப்படகு வரும் நேரத்தில் அந்தக் குழப்பம் அவருக்கு ஆகாது. தூரப் பார்வைக்கான மோனோஃபோகல், அதாவது ஒரே தூரத்துக்கு மட்டும் தெளிவு தரும் லென்ஸ் போதும், விலையும் குறைவு. வலை பொத்தும்போது மட்டும் படிக்கும் கண்ணாடி போடட்டும். என் மாமா அதை நைலான் நரம்பில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருக்கிறார். ஒரு கண்ணிகூடத் தப்புவதில்லை.

இன்னொன்று, இதுதான் முக்கியம்: வெயிலும் உப்புக்காற்றும் பட்ட கண்ணில் மூக்கோரமாகச் சதை வளர்ந்திருக்கிறதா பாருங்கள். அது கருவிழியின் வளைவை மாற்றி, லென்ஸ் பவர் கணக்கைப் பிசகச் செய்துவிடும். இருந்தால், அளவெடுக்கும் முன்பே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.